சீர்வரிசையில் போன ஹைட்ரஜன்

அந்த வெள்ளை மணியை அவர் பசை போட்டு ஒட்டிவிட்டார். என் ஆராய்ச்சி வழிகாட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகம் இல்லை, அந்த மணிதான். வைரத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று காட்டுவதற்காக நானே கட்டிய மாதிரி வடிவம் அது. ஆரணிக் கடைத்தெருவில் புடவைக் குஞ்சத்துக்கு மணி விற்கும் கடையில்தான் எல்லா மணியும் வாங்கினேன். கறுப்பு மரமணிகள் கார்பன் அணுக்கள். ஒவ்வொன்றையும் மெல்லிய கம்பியால் பக்கத்து நான்கு மணிகளோடு இணைத்திருந்தேன். நடுவில் ஒரு கறுப்பு மணி இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். அந்தக் காலியிடத்தைச் சுற்றி நான்கு மணிகள், மூன்று கறுப்பு, ஒன்று நீலம். நீலம் நைட்ரஜன். காலியிடத்துக்குள்ளே ஒரு சின்ன வெள்ளை மணியைப் பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அது ஹைட்ரஜன். மின்விசிறியைப் போட்டால் அந்த வெள்ளை மணி மூன்று கறுப்பு மணிகளையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு ஆடும். அப்படி ஆட வேண்டும் என்றுதான் நூலில் கட்டி, அவர் மேஜைமேல் வைத்தேன். கொஞ்ச நாள் கழித்து அவர் அறைக்குப் போனபோது நூலைக் காணோம். வெள்ளை மணி நீல மணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பசை வழிந்து, காய்ந்து, மூக்குச்சளி போல மஞ்சளாக நின்றது. “ஆடிக்கிட்டே இருந்துச்சும்மா, தொந்தரவா இருந்துது. அதான் ஒட்டிட்டேன்” என்றார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அவருக்கு வருகிற மாதம் மணிவிழா. அறுபது வயது நிறைந்து மனைவிக்கு இன்னொரு முறை தாலி கட்டப்போகிறார். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு விழா மலர் போடுகிறார்களாம். பொறுப்பு அவருடைய மருமகன். அவரும் எங்கள் துறைக்காரர்தான், ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருக்கிறார். எப்படி ஆனார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். போன வாரம் எனக்குப் போன் செய்து, “மேடம், சாரைப் பத்தி உங்க நினைவுகள் ரெண்டு பக்கம் வேணும். நீங்கதான் சாரோட ஃபேவரிட் ஸ்டூடண்ட்னு எல்லாருக்கும் தெரியுமே” என்றார். அவர் அதோடு விடவில்லை. “அப்படியே அத்தைக்கு ஆரணிப் பட்டு ஒண்ணு வேணும் மேடம். அரக்கு கலர். நீங்க சொன்னா முள்ளிப்பட்டு ஊர்ல தறிக்காரங்க நல்லதா எடுத்துத் தருவாங்கனு சார் சொன்னாரு” என்றார். கட்டுரை அனுப்புகிறேன் என்றேன். புடவையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

நான் செய்த ஆராய்ச்சி என்ன என்று சொல்லிவிட்டால்தான் மேலே வருவது விளங்கும். வைரம் என்பது வெறும் கார்பன். ஆனால் எந்த வைரமும் முழுச் சுத்தம் கிடையாது. ஓரிடத்தில் ஓர் அணு இல்லாமல் போயிருக்கும். இன்னோரிடத்தில் நைட்ரஜன் புகுந்து உட்கார்ந்திருக்கும். வாயுவிலிருந்து செயற்கையாக வளர்க்கும் வைரத்தில் ஹைட்ரஜனும் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் வளர்க்கும் வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான். அது உள்ளே எங்கே உட்கார்கிறது, யாரோடு பிணைகிறது, அதனால் வைரத்தின் குணம் எப்படி மாறுகிறது என்பதை, குவாண்டம் இயக்கவியலின் சமன்பாடுகளைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தீர்த்துச் சொல்வது என் வேலை. ஓர் அறை முழுக்க இரைந்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் ஒரு கணக்கு முடிய வாரக்கணக்கில் ஆகும். எங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வது? “வைரத்துல படிக்குதாம் அந்தப் பொண்ணு” என்று பரவிவிட்டது. ஒரு முறை ஊருக்கு வந்திருந்தபோது பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி மூக்குத்தியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, “இது ஒரிஜினலானு பாத்துச் சொல்லும்மா” என்றாள். வைரம் என்று சொல்லி ஒரு கல் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நான்கு வருஷமாக அதற்குள் இருக்கிற அணுக்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவள், கல்லைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியாமல் விழித்தேன். தெரியவில்லை அக்கா என்றேன். அவள் நம்பவில்லை. சொல்ல மனசில்லை என்று நினைத்துக்கொண்டு மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சார் சிந்தித்து நான் பார்த்ததில்லை, தின்று பார்த்திருக்கிறேன். பதினோரு மணிக்கு வடைப் பொட்டலத்தோடு வருவார். நான் அச்செடுத்துக் கொண்டுபோன படங்களை மேஜைமேல் விரித்து, அதன்மேலேயே பொட்டலத்தைப் பிரிப்பார். எலெக்ட்ரான்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்று காட்டும் வண்ணக் கோடுகளுக்கு நடுவே எண்ணெய் வட்டம் பரவும். தின்று முடித்ததும் அதே தாளின் ஓரத்தைக் கிழித்துக் கையைத் துடைப்பார். இன்னொரு ஓரத்தைச் சுருட்டிப் பல்லைக் குத்துவார். குத்தி எடுத்ததை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கீழே போடுவார். பிறகு அந்தத் தாளை என்னிடம் நீட்டி, “நல்லா இருக்கும்மா, கன்டின்யூ பண்ணு” என்பார். அந்தத் தாள்களைத் தொடவே எனக்குக் கூசும். கிளிப்பின் நுனியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவேன்.

வழிகாட்டிக்கு எடுபிடி வேலை செய்வது எங்கள் துறையில் யாரும் எழுதிவைக்காத பாடத்திட்டம். சேலத்துப் பையன் சீசனுக்கு மாம்பழம் கொண்டுவர வேண்டும். கார் ஓட்டத் தெரிந்த இன்னொருவன் சாரின் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். நான் ஆரணிப் பெண் என்பதால் பட்டு என் தலையில். துறையில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் ஆற்காடு வழியாகப் போகும் பஸ்ஸில் மடிமேல் புடவைப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். புடவைக்குரிய காசை மட்டும் சார் அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிடுவார். “காசு விஷயத்துல நான் ரொம்ப கரெக்டும்மா” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அடுத்தவர் உழைப்பில் கைவைக்காதவர் என்று தன்னைப் பற்றி அவருக்கு உறுதியான எண்ணம் இருந்தது.

இனி அந்த வெள்ளை மணி. காலியிடத்தைச் சுற்றி மூன்று கார்பனும் ஒரு நைட்ரஜனும் இருந்தால், உள்ளே வருகிற ஹைட்ரஜன் யாரோடு சேரும்? பரிசோதனைக் கருவியில் பார்த்தால் அது மூன்று கார்பனுக்கும் சமதூரத்தில் இருப்பது போலத் தெரியும். அதை வைத்து, அது நைட்ரஜனோடு ஒட்டிக்கொண்டு நடுவாக நிற்கிறது என்று சொல்லலாம். அல்லது ஒரு நேரத்தில் ஒரு கார்பனோடுதான் இருக்கிறது, ஆனால் மூன்று பேரிடமும் மாறி மாறித் தாவுகிறது, தாவும் வேகத்தில் கருவிக்கு நடுவில் இருப்பது போலப் படுகிறது என்றும் சொல்லலாம். ஹைட்ரஜன் எல்லா அணுக்களிலும் லேசானது. நடுவில் ஆற்றல் மேடு ஒன்று தடையாக இருந்தால் ஏறி இறங்காமல் அதை ஊடுருவியே அந்தப் பக்கம் போய்விடும், குவாண்டம் உலகில் அதற்கு அனுமதி உண்டு. வெளிநாட்டில் இதே குறைபாட்டின் ஒரு நிலையில் இப்படித் தாவல்தான் நடக்கிறது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஓர் எலெக்ட்ரான் குறைந்த நிலையில் என்ன ஆகும் என்பது எங்கள் கேள்வி. உலகத்தைப் புரட்டிப்போடும் கேள்வி இல்லைதான். ஆனால் அது என் கேள்வி. சார் ஏழெட்டு மேடைகளில் அந்த நிலையில் அது நைட்ரஜனோடுதான் என்று பேசிவிட்டிருந்தார். என் கணக்கு தாவல்தான் என்றது. அதனால்தான் நூலில் கட்டினேன். அதனால்தான் அவர் ஒட்டினார்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. முழு வைரத்தைக் கம்ப்யூட்டரில் போட முடியாது. அறுபத்துநாலு அணுக்கள் கொண்ட ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, இதே பெட்டி எல்லாத் திசையிலும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்று கம்ப்யூட்டரிடம் சொல்வோம். புடவை முழுக்க ஒரே புட்டா திரும்பத் திரும்ப வருவது போல. எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் இது சட்டென்று விளங்கும். ஆனால் பெட்டி சின்னதாக இருந்தால், உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் அடுத்த பெட்டியில் இருக்கும் தன் நகலையே உணர ஆரம்பித்துவிடும். அப்போது வரும் விடை தனி ஹைட்ரஜனின் விடை ஆகாது. கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பவனின் விடை. என் முதல் கணக்கு இந்தச் சின்னப் பெட்டியில் போட்டதுதான். தாவ வேண்டிய மேடு மிகத் தாழ்வு என்று வந்திருந்தது. பெரிய பெட்டியில் போட்டால் அந்த எண் மாறும் என்று எனக்குச் சந்தேகம். ஐந்நூற்றுப் பன்னிரண்டு அணுக்களோடு மறுபடியும் ஓடவிட்டிருந்தேன். அது முடிய மாதங்கள் ஆகும். அது முடிந்ததும் என் பெயர் முதலில் வரும் ஒரு கட்டுரை. ஆராய்ச்சிக் கட்டுரையில் யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவர்தான் வேலை செய்தவர் என்பது உலக வழக்கம். நான் போக ஆசைப்பட்டிருந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில், முதல் பெயரோடு ஒரு கட்டுரையாவது வேண்டும், வந்தால் இடம் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். எங்கள் வகையறாவில் யாருக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. விமானம் ஏறப்போகும் முதல் ஆள் நான் என்று அம்மா பெரணமல்லூர் வரை சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கட்டுரைதான் எனக்கு எல்லாம்.

அந்தச் சமயத்தில் சாரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் நேராக ஆரணிக்கே வந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு கார். நான் முதல் நாளே ஊருக்குப் போயிருந்தேன். முள்ளிப்பட்டுக்குப் போகிற வழியில்தான் எங்கள் வீடு என்பதால், சார் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. “அவரு சைவமாச்சே” என்று கறி மீன் எதுவும் இல்லாமல், அரிசி, பருப்பு எல்லாம் புதிதாக வாங்கி, பாத்திரத்தைக்கூடப் புளி போட்டுத் துலக்கி, விடியற்காலையிலிருந்து சமைத்திருந்தாள். சாம்பார், வடை, பாயசம். கார் வாசலில் நின்றது. சார் கண்ணாடியை மட்டும் இறக்கினார். அம்மா கைகூப்பி, “உள்ள வாங்க சார், ஒரு வாய் சாப்ட்டு போலாம்” என்றாள். “இன்னிக்கு சனிக்கிழமை விரதம்மா. இன்னொரு நாள் கட்டாயம் வரேன்” என்றார். அம்மா ஒரு சொம்பில் தண்ணீராவது கொண்டுவந்தாள். தண்ணீர் பாட்டில் இருக்கிறது என்று தூக்கிக் காட்டினார். காரை விட்டு யாரும் இறங்கவில்லை. நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

முள்ளிப்பட்டில், ஊரில் பல வீடுகளுக்குத் தறி வேலை கொடுத்து வாங்கும் ஒரு மாஸ்டர் வீவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஒவ்வொரு புடவையாகப் பிரிக்க, முந்தானையைப் பிடித்து விரித்துக் காட்டும் வேலை எனக்கு. மாப்பிள்ளையின் அம்மா வேலூர்ப் பக்கம். கள்ளம் கபடம் இல்லாத பேச்சு. கைகளால் பட்டைத் தடவிக்கொண்டே மாஸ்டர் வீவரின் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்: “நாங்க இன்னா வரதட்சணையா கேட்டோம்? ஒரு குண்டுமணி தங்கம் கேக்கலம்மா. பையனுக்கு காலேஜ் வேலைக்கு பேப்பர் ஒண்ணு கொறையுதாம். அது இருந்தா ஜல்தியா போஸ்டிங் ஆயிடுமாம். சம்பந்தி நான் பாத்துக்கறேன்னுட்டாரு. ஏதோ வைரமாம், ஹைட்ரஜனாம். அனுப்பியாச்சாம். அதுவே எங்களுக்குப் பெரிய சீரு.”

என் கையில் மாம்பழ நிறப் புடவையின் முந்தானை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் சாரைப் பார்த்தேன். அவர் வெட்கப்படுவார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “நான் வரதட்சணை கொடுக்குறவனும் இல்ல, வாங்குறவனும் இல்ல. கொள்கை” என்றார். மாஸ்டர் வீவர் மரியாதையாகத் தலையாட்டினார். கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை காபி டம்ளரோடு என் பக்கத்தில் நகர்ந்து வந்து, ரகசியமாக, “மேடம், அந்தத் தாவல் மேட்டர் என்னன்னு எனக்கு ஒரு வாட்டி சொல்லிக் குடுத்துடுங்க. இன்டர்வியூல கேட்டா பேஜாராயிடும்” என்றார். சிரித்தார். என்னிடம் திருடியதை எப்படிப் பயன்படுத்துவது என்று என்னிடமே கேட்பது போல இருந்தது. சாரைக் கேளுங்கள் என்றேன்.

அவர்கள் புடவைகளைப் பொட்டலம் கட்டச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சார் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

“சார், அது என் கணக்கு.”

“யாரு இல்லன்னா? உன் பேரும் இருக்கும்மா. மூணாவதா போட்டிருக்கேன்.”

“அதுல இருக்கற எண் தப்பு சார். சின்னப் பெட்டில போட்டது. பெரிய பெட்டி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.”

அவர் சிரித்தார். “முகூர்த்தம் குறிச்சாச்சு. உன் பெட்டி ஓடி முடியற வரைக்கும் முகூர்த்தம் காத்துக்கிட்டு இருக்குமா?”

“எனக்கு வெளிநாட்டுல இடம் கிடைக்கறது இந்த ஒரு பேப்பர்லதான் சார். உங்களுக்கே தெரியும்.”

“கணக்குப் போடறது கம்ப்யூட்டர்தானேம்மா. உனக்கு இன்னொண்ணு போட்டுக்கலாம். ஒரு பொண்ணோட வாழ்க்கை. நீயும் பொண்ணுதானே, இது புரியாதா?” என்று சொல்லி என் தலையில் கைவைத்தார். ஆசீர்வாதமாம். அந்தக் கையின் பிசுபிசுப்பு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தலைக்குக் குளித்தேன்.

அதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. மாஸ்டர் வீவர் வீட்டில் இலை போட்டார்கள். சனிக்கிழமை விரதக்காரர் பந்தியின் நடுவில் உட்கார்ந்து, சாம்பாரை இரண்டாம் முறை வாங்கி, பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி, அதில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, உள்ளங்கையால் வழித்து, முழங்கை வரை ஒழுக நக்கினார். எனக்கும் இலை போட்டிருந்தார்கள். ஒரு பருக்கை இறங்கவில்லை. சாயங்காலம் அம்மா, “சாரு இன்னாடி சாப்ட்டாரு அங்க?” என்று கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை, விரதம் என்றேன். அம்மா மூடிவைத்திருந்த வடையை எடுத்துத் தட்டில் வைத்தாள். “நம்ம வூட்டு வாசப்படிக்கு வந்தா மட்டும் எல்லாருக்கும் விரதம் வந்துடுது. நீ துன்னு” என்றாள். அவளை ஏமாற்ற முடியும் என்று நான் நினைத்ததே வேடிக்கைதான்.

கட்டுரை வந்தது. முதல் பெயர் மாப்பிள்ளை, இரண்டாவது சார், மூன்றாவது நான். நைட்ரஜனோடுதான் என்று மேடைகளில் பேசியவர், மாப்பிள்ளைக்குக் கட்டுரை தேவைப்பட்டதும் தாவல்தான் என்று மாறிவிட்டிருந்தார். கல்யாணமும் நடந்தது, மாப்பிள்ளைக்கு வேலையும் கிடைத்தது. வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து வருத்தத்தோடு பதில் வந்தது. மூன்றாவது பெயரை வைத்து அவர்கள் என்ன செய்ய முடியும்? அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. பெரிய பெட்டிக் கணக்கு ஒருவழியாக முடிந்தபோது, நான் பயந்தபடியே, தாவ வேண்டிய மேடு சின்னப் பெட்டி சொன்னதைவிட நன்றாக உயரமாக வந்தது. தாவல் உண்டு, ஆனால் நாங்கள் அச்சிட்டதைவிட வெகு நிதானமாக. திருத்தம் அனுப்ப வேண்டும் என்று சாரிடம் போய் நின்றேன். “மாப்பிள்ளை இப்பதான் வேலைல சேர்ந்திருக்காரு. இந்த நேரத்துல திருத்தம் கிருத்தம்னு கிளப்பாதே” என்றார், வடையை மென்றுகொண்டே. சரியான எண்ணை என் ஆய்வேட்டில் எழுதினேன். அவர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார், அதனால் அது தப்பித்தது. இப்போது ஒரு நூலகத்தில், தடித்த அட்டைக்குள், யாரும் பிரிக்காமல் கிடக்கிறது.

நான் ஊருக்குத் திரும்பினேன். தேசூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். வேலையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அங்கே இரையும் கம்ப்யூட்டர் அறை கிடையாது, என் ஹைட்ரஜனும் கிடையாது. சில வருஷம் கழித்து வெளிநாட்டில் வேறொரு குழு அதே கணக்கைப் பெரிய பெட்டியில் போட்டு வெளியிட்டது. ஏறக்குறைய என் எண். அதில் எங்கள் கட்டுரையைக் குறிப்பிட்டு, பெட்டி சின்னதாக இருந்ததால் வந்த தவறான மதிப்பு என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அன்றைக்கு மருமகன் பதறியடித்துக்கொண்டு போன் செய்தார். “மேடம், நாம எத்தன அணு போட்டோம்?” என்றார். நாம. கட்டுரையை வைத்து வேலை வாங்கும்போது இல்லாத அந்த ‘நாம’, தப்பைப் பங்குபோட மட்டும் வந்தது. அறுபத்துநாலு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு அதில் வெற்றி எதுவும் தோன்றவில்லை. சரியான விடையை அவர்களுக்கு முன்பே கையில் வைத்திருந்தவள் நான். ஒரு மாப்பிள்ளைக்காக சார் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். நினைத்தால் இப்போதும் கோபத்தைவிட அருவருப்புதான் அதிகம். காசைத் திருடியிருந்தால் திருட்டு என்றாவது ஒத்துக்கொண்டிருப்பார். இதற்கு அவர் கொள்கை என்று பெயர் வைத்திருந்தார்.

முந்தாநாள் மருமகன் மலரின் அட்டைக்கான படத்தை என் போனுக்கு அனுப்பியிருந்தார். எப்படி இருக்கிறது என்று கருத்துக் கேட்டு. சாரும் அவரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள். சார் கொஞ்சம் பருத்திருக்கிறார். நடுவில் நான் கட்டிய அந்த மாதிரி வடிவம். என் கம்பி, என் முடிச்சு, ஆரணிக் கடைத்தெரு மணிகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை மணி நீலத்தோடு இல்லை. பிய்த்து எடுத்து, மூன்று கறுப்பு மணிகளில் ஒன்றோடு ஒட்டியிருக்கிறார்கள். நீல மணியின் மேல் பழைய பசை மஞ்சளாக அப்படியே இருக்கிறது. கட்டுரையில் கார்பன் என்று அச்சாகிவிட்டதால் மணியையும் கார்பனுக்கு மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அது ஒரு கார்பனோடு நிற்பதில்லை, மூன்றிடமும் போய் வருகிறது என்பதுதான் மொத்தக் கட்டுரையுமே. என் கணக்கைத் திருடி, அதை வைத்து ஒரு கல்யாணம் நடத்தி, ஒரு வேலை வாங்கி, இத்தனை வருஷம் மேடை மேடையாகப் பேசியும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். திரும்ப எடுத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் ஆரணிக்குப் போனேன். பட்டுக் கடைகளில் ஏறவில்லை. குஞ்சத்துக்கு மணி விற்கும் அதே கடைக்குப் போனேன். கடைக்காரர், “இன்னா மேடம், மறுபடியும் வைரம் கட்டப் போறீங்களா?” என்று கேட்டார். ஒரே ஒரு வெள்ளை மணி போதும் என்றதும் காசு வாங்கவில்லை. மலருக்கு நான் எழுதித் தருவதாகச் சொன்ன கட்டுரை இதுதான். இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது. மேலே என் பெயரை எழுதியிருக்கிறேன், இதற்கு இரண்டாவது பெயரும் மூன்றாவது பெயரும் கிடையாது. அச்சில் வராது என்று தெரியும். ஆனால் மருமகன் படிப்பார், படித்துவிட்டு சாரிடம் காட்டாமல் இருக்க மாட்டார். ஆரணிப் பட்டு கேட்டிருந்தார்கள். அரக்கு நிறத்திலேயே ஒரு முழம் பட்டு நூலை அந்த வெள்ளை மணியோடு கவருக்குள் வைத்திருக்கிறேன். மூன்று கறுப்பு மணிகளுக்கும் நடுவில் தொங்கும்படி கட்டி, மின்விசிறியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பசை வேண்டாம்.